ஆல்டா அம்மாவுக்கு வேகவைத்த வாழைக்காய்

"இது இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஆல்டா அம்மா தட்டை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார்.

கோபமாகத் தள்ளியிருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது. வாய் நிறையத் திட்டும் எஜமானிகளிடம் வேலை பார்த்துப் பழகியவள் நான். இவரோ தட்டுக்கு வலிக்கப்போகிறது என்பது மாதிரித் தள்ளினார். தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். என் மனசு நோகக் கூடாது என்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது.

வெள்ளைப் பீங்கான் தட்டு. நடுவில் மசித்த வாழைக்காய், மேலே வினிகரில் புரட்டிய வெங்காயம். ஆவி இன்னும் அடங்கவில்லை. சன்னலுக்கு வெளியே பேரிக்காய் மரமே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேல் புருஷனுடைய கோட்டு என்று அம்மா உட்கார்ந்திருந்தார். அப்படியும் அவருக்குக் குளிர் விடவில்லை.

நான் அந்த பங்களாவில் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கும் மேலாக அதே தட்டில் அதே வாழைக்காயை எத்தனை தடவை வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "வாராவாரம் நீங்கள் சமைத்து நல்ல பேர் வாங்கிய கதையாகவே போகிறது, உங்களுக்குச் சமையலில் தோல்வியே கிடையாதா" என்று கேட்கிறார். குத்தல்தான். ஆனால் நியாயமான குத்தல். இருக்கிறதம்மா. இத்தனை வாரமாக அதைச் சொல்லாமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

குளிர் யாருக்கு வேண்டும்

ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானலில், செண்பகனூர் சாலைக்குச் சற்றுக் கீழே, சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு பங்களா. இன்ஜினீயர் துரை என்று எல்லோரும் சொல்லும் ஸ்காட்லாந்துக்காரர் அதை வாடகைக்கு எடுத்திருந்தார். மலைக்குக் கீழே சமவெளியில் அவருக்கு ஒரு சர்க்கரை ஆலையில் இயந்திரம் பொருத்தும் வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மலையேறி வருவார். இரண்டு நாள் தூங்குவார். போய்விடுவார்.

அதற்கு முன்னால் அவர் மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து டொமினிக்கன் நாட்டில், கடலோரத்து ஊர் ஒன்றில், கரும்பாலையில் இருந்தாராம். அங்கே கட்டிக்கொண்டவர்தான் ஆல்டா அம்மா. முழுப் பெயர் அல்தாகிராசியா. நம் வாயில் நுழையவில்லை, ஆல்டாவாகிவிட்டது. நல்ல மாநிறம். சுருட்டை முடி. அவர் சேலை கட்டிக்கொண்டு மூஞ்சிக்கல் கடைத்தெருவில் நடந்தால் மதுரைப் பக்கத்து டீச்சர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பஸ் கண்டக்டர் ஒருமுறை அவரிடம், "வெரசா ஏறுங்கக்கா, வண்டி கெளம்பப்போகுது" என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

அவர் பிறந்த ஊரில் குளிர் என்ற பேச்சே கிடையாது. வெயில், கடல், கரும்பு, வாழை. நம் சமவெளியில் எங்கே கொண்டுபோய் வைத்திருந்தாலும் பிழைத்திருப்பார். ஆனால் துரையுடன் வேலை பார்த்த மற்ற துரைமார் எல்லோரும் மனைவிமாரை வெயிலுக்குப் பயந்து மலை மேல் வைத்திருந்தார்கள். இவரும் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. கெட்டவர் இல்லை. கேட்கத் தோன்றாதவர். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் பெண்கள் பாதிப்பேர் சீக்கில் விழுகிறார்கள்.

நான் வந்த அடுப்படி

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்கு விளங்காது.

நாங்கள் பழனி அடிவாரம். யாத்திரை வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது எங்கள் வீட்டுத் தொழில். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் அடுப்பு அணைய விடமாட்டோம். எங்கிருந்தெல்லாமோ வெறுங்காலோடு நடந்து, விரதமிருந்து, மலை ஏறி இறங்கி, வெறும் வயிற்றோடு இலையில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு வயிற்றில் ஏதாவது வந்துவிட்டால் அந்தப் பாவம் எங்களைச் சேரும் என்பது எங்கள் அம்மாவின் பயம்.

அதனால் எங்கள் அடுப்பு மேடையில் ஒரு மண் கிண்ணம் எப்போதும் இருக்கும். அதில் கட்டிப் பெருங்காயம் ஊறிக்கொண்டிருக்கும். பருப்பு, மொச்சை, கிழங்கு, வாழைக்காய், எது கொதித்தாலும் அந்தத் தண்ணீரில் அரைக் கரண்டி விழும். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து ருசி பார்ப்போம். பெருங்காயத் தண்ணீர் ஊற்றினோமா என்று ஒரு நாளும் சந்தேகம் வந்தது கிடையாது. கை தானாக ஊற்றிவிடும். அதைச் சமையல் சாமானாகவே நாங்கள் நினைத்ததில்லை. அது மருந்து. வாயுவுக்கு.

பெருங்காயம் போடாமல் வாழைக்காய் வேகும் நாள் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். தெவசம். செத்தவர்களுக்குப் படைக்கிற சமையலில் வாழைக்காய் கட்டாயம் உண்டு, பெருங்காயம் கிடையாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு வெறும் வாழைக்காயை வேகவைத்துப் போடுவது எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. நடக்கக் கற்றுக்கொண்ட மாதிரி அதுவும் வந்தது.

இன்னொன்றும் உண்டு. சமைத்து முடித்துப் பரிமாறும்வரை செருப்புக் காலோடு யாரும் அடுப்படிக்குள் வரக்கூடாது. புருஷன் செத்து, பிழைப்புக்கு மலை ஏறியபோதும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ஆல்டா அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"செருப்போட உள்ள வராதீங்கம்மா" என்றேன். எனக்குத் தெரிந்த பட்லர் இங்கிலீஷில் சொன்னேன். 'நோ கம், நோ கம்' என்று கையையும் ஆட்டினேன் போலிருக்கிறது.

அந்தக் குளிரில் சிமெண்டுத் தரையில் செருப்பைக் கழற்றுவது பற்றி அவர் யோசித்தே இருக்கமாட்டார். நான் அவரை வரவே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

மங்கூ

அவருக்கு வேண்டியது பெரிய விருந்தெல்லாம் இல்லை. மங்கூ என்று ஒன்று. பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, உப்புப் போட்டு வேகவைத்து, வேகவைத்த தண்ணீரையே கொஞ்சம் விட்டு, வெண்ணெய் போட்டு மசிக்க வேண்டும். மேலே வெங்காயத்தை வினிகர் தெளித்து வதக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் ஊரில் காலை ஆகாரம் அது. நமக்கு இட்லி மாதிரி.

அவருக்கு அதைச் சாப்பிடத் தெரியும், செய்யத் தெரியாது. மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண். அங்கே தாயும் இவரும் தம்பியும்தான் வீட்டில். "எங்க அம்மா அடுப்பு கிட்ட என்ன விடமாட்டாங்க, பாக்கியம். உன் கை வேலைக்குப் போற கை, கெட்டுப்போகும்னு சொல்லுவாங்க" என்று பிற்பாடு தமிழ் நன்றாக வந்த பிறகு சொல்லியிருக்கிறார்.

அவர் தமிழ் கற்றது என்னிடம். அதனால் அவர் பேசியதெல்லாம் பழனித் தமிழ். "சோலி கெடக்கு", "வெள்ளனே எந்திரிக்கணும்" என்று அவர் சொல்வதைக் கேட்டு லேக் பக்கத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவர்கள் நாட்டை அப்போது ஒரே ஆள் கைக்குள் வைத்திருந்தான். யார் யாருக்குக் கடிதம் எழுதினாலும் போலீஸ் பிரித்துப் படிக்குமாம். ஆல்டா அம்மாவின் தம்பி எங்கேயோ எதையோ பேசிவிட்டான். ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இவர் ஊருக்குப் போவதென்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அவர் தாயிடமிருந்து கடிதம் வருவதும் நின்றுபோனது.

"பாக்கியம், எனக்கு ஒரு பயம் இருக்கு" என்றார் ஒரு நாள். இரண்டாம் வருஷம் என்று ஞாபகம். வராந்தாவில் வெயில் விழும் ஒரே மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்கம்மா?"

"முன்னெல்லாம் கண்ணை மூடினா எங்க அம்மா செஞ்ச ருசி வாயில வரும். எப்ப நெனச்சாலும் வரும். இப்ப வரமாட்டேங்குது. போட்டோவுல மொகம் இருக்கு. ருசிக்குப் போட்டோ இல்லையே. அது போயிட்டா எங்க அம்மா எனக்கு முழுசாப் போன மாதிரி."

அவர் அழவில்லை. நான்தான் பீன்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"ஒரு தடவை சரியா வந்துருச்சுன்னா போதும். நல்லாப் பிடிச்சு வச்சுக்குவேன்" என்றார்.

ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் அந்த மனுஷி என்னிடம் கேட்டது.

ராவுத்தர் கடைத் தார்கள்

சரியாக வரவில்லை என்றால் காய்தான் சரியில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டினோம். காய் கொடுத்தவர் மீரான் ராவுத்தர். மூஞ்சிக்கல்லில் மளிகையும் காய்கறியும் வைத்திருந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், எந்நேரமும் கையில் பால் விடாத கட்டஞ்சாயா. பொருள் இல்லை என்று சொல்வதை அவமானமாக நினைக்கும் வியாபாரி.

"நம்ம மொந்தன் வாழக்கா சரிப்படலையா? அப்ப மலைவாழையப் பாத்துரலாம் தாயி" என்றார்.

பாச்சலூரில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். அங்கேயே பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டதாம். "மலைவாழையப் பச்சக் காயா வெட்டி வேகப்போடுறதா? பழனியாண்டவருக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போற தாருங்க இது. நான் வெட்ட மாட்டேன்" என்று தோட்டக்காரர் நின்றுவிட்டார். ராவுத்தர்தான், ஒரு நோயாளி அம்மாளுக்கு மருந்துக்கு வேண்டும் என்று சொல்லி வெட்ட வைத்தார். குதிரை மேல் ஏற்றித் தாண்டிக்குடி வந்து, அங்கிருந்து எப்படியோ மேலே வந்து சேர்ந்தது அந்தத் தார்.

வேகவைத்தேன். மசித்தேன். அம்மா ஒரு வாய் வைத்தார்.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு, "இது இல்ல."

நாட்டு வாழை வந்தது. பேயன் வந்தது. கடைசியில், பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டு நேந்திரங்காய் வரவழைத்தார் ராவுத்தர். காயைப் பார்த்ததுமே ஆல்டா அம்மா இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தார். "இதுதான், இதுதான் எங்க ஊர்க் காய்" என்றார். மூன்று வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளிச்சமாகி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நேந்திரங்காய் பருமனான காய். மொந்தனைவிடக் கனம். கனமான காய்க்கு வாயு அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன்.

சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"கிட்ட வந்துருச்சு பாக்கியம். ஆனா குறுக்கால ஏதோ ஒண்ணு நிக்குது. ஒரு வாசனை."

"மண்ணு வாசனையா இருக்குங்கம்மா. மண்ணு மாறினா காய் மாறுமில்லைங்களா" என்றேன். பெரிய விஷயம் தெரிந்தவள் மாதிரி.

நீங்கள் கேட்கலாம், அவருக்கு அது பெருங்காயம் என்று தெரியாமலா போகும் என்று. அவர் பிறந்த ஊரில் பெருங்காயம் கிடையாது. அந்த வாசனைக்கு அவர்களிடம் பெயரும் கிடையாது. இங்கே வந்தபிறகோ அது என் சேலையில் இருந்தது, சமையல்கட்டில் இருந்தது, ராவுத்தர் கடையில் இருந்தது. இந்தியா என்றால் இந்த வாசனை என்று பழகிவிட்டார். காய்க்குள்ளேயே அது இருப்பதாகத்தான் நினைத்தார்.

எங்கள் மலையிலேயே இருக்கும் போளூர்ப் பக்கத்து பீன்ஸை அரிசியோடு சேர்த்து அவர்கள் ஊர் மாதிரி செய்யச் சொன்னார். பீன்ஸ் வாயு. மரவள்ளிக் கிழங்கு கேட்டார். அதுவும் வாயு. அந்த நாட்டு ஜனங்கள் விரும்பிச் சாப்பிடுவதெல்லாமே வாயுப் பதார்த்தமாக இருக்கிறதே, எப்படித்தான் உயிர் பிழைக்கிறார்களோ என்று நான் ராவுத்தரிடம் ஆச்சரியப்பட்டுப் பேசியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கிண்ணத்துத் தண்ணீர் விழுந்தது. ஒன்றுகூட என் கைக்குத் தப்பவில்லை.

பொய்ச் சத்தியம்

நேந்திரங்காய் வந்து சில நாள் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

"பாக்கியம், கோவிச்சுக்காத. இதுல என்னென்ன போடுற?"

"வாழைக்கா, உப்பு, வெண்ணெய். நீங்க சொன்னதுதாங்க."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"பழனியாண்டவர் மேல சத்தியமாங்க. வேற ஒண்ணும் போடலை."

நான் பொய் சொல்லவில்லை. கை செய்வது எனக்குத் தெரியவே இல்லை. என்னென்ன போட்டாய் என்று கேட்டால் தண்ணீரைச் சொல்லாமல் விடுவோமே, அப்படி விட்டுவிட்டேன். கும்பிடுகிற சாமி மேல் கையடித்து, முழு மனசோடு, ஒரு பொய்ச் சத்தியம் செய்தேன். அதை அவர் நம்பினார். நம்பியதால் தன் நாக்கின் மேல் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

தட்டு காலியான வருஷம்

முதல் வருஷத்தில் தட்டைத் தள்ளும்போது அவர் காரணம் சொல்வார். வெங்காயம் ஓரத்தில் கருகியிருக்க வேண்டும். மசிக்கும்போது சின்னச் சின்னக் கட்டி நிற்க வேண்டும். தன் அம்மா மரக் கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள், அந்தச் சத்தம்கூட ருசியில் இருக்கும் என்பார். நான் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் வருஷத்தில் காரணங்கள் குறைந்தன. "இது இல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் அதுவும் நின்றது. தட்டு காலியாக வந்தது. ஒரு நாள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தடவை கடைக்குப் போனபோது ராவுத்தரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"பாய், ஜெயிச்சாச்சு. அம்மா தட்டை வழிச்சுச் சாப்பிடுறாங்க."

"மாஷா அல்லா. அப்ப அவுக அம்மா கை உனக்கு வந்துருச்சுன்னு சொல்லு" என்று அவர் ஒரு தேங்காயைச் சும்மாவே எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேங்காயை வாங்கிக்கொண்டு வந்தேன் நான். வெட்கமே இல்லாமல்.

செருப்பைக் கழற்றிவிட்டு

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயம். காலை பத்து மணி இருக்கும். நான் காயை அடுப்பில் ஏற்றிவிட்டு, சவுக்கு விறகு புகைகிறதே என்று ஊதிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

ஆல்டா அம்மா. உள்ளே வந்திருந்தார். வாசல்படியில் அவருடைய செருப்பு இரண்டும் ஒழுங்காக ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடந்தன. வெறுங்கால். அந்தத் தரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறும். கையில் ஒரு கடிதம் இருந்தது. யாரோ உறவுக்காரர் வேறு ஒரு நாட்டுக்குத் தப்பிப்போய், அங்கிருந்து போட்ட கடிதம்.

"எங்க அம்மா செத்துட்டாங்க, பாக்கியம்" என்றார். "ஏழு மாசம் ஆச்சாம்."

ஏழு மாசம். அந்த ஏழு மாசமும் இவர் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் இப்படியொரு சேதி வந்தால் கட்டிப்பிடித்து அழுவோம். எஜமானியம்மாவை எப்படித் தொடுவது என்று தெரியாமல் நின்றேன். பானை கொதித்துப் பொங்கியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே நான் கிண்ணத்தை எடுத்து, கரண்டியால் மொண்டு ஊற்றினேன்.

அவர் அதைப் பார்த்தார்.

"அது என்ன?"

"மருந்துங்கம்மா. வாயுவுக்கு."

கிட்டே வந்து கிண்ணத்தை வாங்கினார். அடியில் ஊறிக் கிடந்த கட்டியைத் தொட்டு முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அவர் முகத்தில் நான் கண்டதை இன்றுவரை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"எப்பவும் ஊத்துவியா?"

"எப்பவுந்தாங்க" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த ஒரு நொடியில் மொந்தன், மலைவாழை, நேந்திரன், ராவுத்தர், குதிரை, சத்தியம் எல்லாம் கண் முன்னால் வந்தன. காலில் விழுந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்கினார். தாயைப் பறிகொடுத்தவர், ஆறுதல் சொல்ல வேண்டிய நான் கீழே கிடக்க, அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"அழாத. அது இல்லாமச் செய். இப்பச் செய். நான் இங்கயே இருக்கேன்."

பலகையில் உட்கார்ந்து

கொதித்ததைக் கொட்டினேன். பானையை மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தேன். கையைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துவிட்டு வந்தேன். நல்ல வேளையாக இரண்டு நேந்திரங்காய் மீதம் இருந்தன.

பெருங்காயம் இல்லாமல் வாழைக்காய் வேகும் வாசனை எனக்குத் தெவச வாசனை. அவருடைய அம்மா செத்த சேதி வந்த நாள்தானே, பொருத்தம்தான் என்று ஒரு பக்கம் மனசு சொல்லியது. உயிரோடு இருக்கிறவர் சாப்பிடப்போகிறாரே என்று இன்னொரு பக்கம் பதறியது. அவர் என் உட்காரும் பலகையில் காலை மடக்கி உட்கார்ந்து, நான் மசிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி நிற்கும்படி மசித்தேன். வெங்காயத்தை ஓரம் கருக விட்டேன். மரக் கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

இனி இதில் தப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இது அவருடைய அம்மா செய்ததுதான். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். மென்றார். விழுங்கினார். இன்னொரு வாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை, அவர் வாயையே பார்த்தேன்.

கண்ணைத் திறந்தார்.

"என்னமோ கொறையுது, பாக்கியம்."

நான் உப்பு ஜாடியை எடுத்து நீட்டினேன்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ கொறையுது." மறுபடி ஒரு வாய் வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என்ன குறைகிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். ஒரு மனுஷியின் நாக்கிலிருந்து அவளைப் பெற்றவளை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக மூன்று வருஷம் கழுவி எடுத்திருக்கிறேன். மருந்து என்று நினைத்துக்கொண்டு.

அந்த வீட்டை அவர்கள் அடுத்த கோடைக்குள் காலி செய்தார்கள். துரைக்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஆலையில் வேலை. அங்கே ஆல்டா அம்மாவுக்கு யார் சமைத்தார்கள், என்ன சாப்பிட்டார், இன்னும் இருக்கிறாரா, எதுவும் எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எனக்கு மிச்சம் இருப்பது அன்றைக்குப் பலகையில் உட்கார்ந்திருந்த உருவம்தான்.

"அதப் போட்டுக் குடுக்கட்டுமாங்க?" என்று நான்தான் கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

தட்டில் ஆவி அடங்கிவிட்டது. பிறகு, "போடு" என்றார்.

கொல்லையிலிருந்து கிண்ணத்தை எடுத்து வந்தேன். தட்டிலிருந்ததைச் சட்டிக்கு மாற்றி, அரைக் கரண்டி விட்டு, சூடு காட்டிக் கிளறி வைத்தேன். அவர் குனிந்து சாப்பிட்டார். நிறுத்தாமல் சாப்பிட்டார். தட்டை விரலால் வழித்தார்.

வழித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அம்மா செஞ்சது இப்படியா இருந்திருக்கும், பாக்கியம்?"

அந்த அம்மாளை நான் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"ஆமாங்கம்மா" என்றேன். "இப்படித்தாங்க."